ஷெட்டுக்குள் நிற்கும் கிளாசிக் 350: இந்தக் குளிரில் எதைப் பிரிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

மயூர்விகார்_350:

வணக்கம். டெல்லி மயூர் விகாரில் தரைத்தள வீடு, பின்பக்கம் ஷட்டர் போட்ட சின்ன ஷெட், அதில் என் 2014 மாடல் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 பைக். கார்புரேட்டர் வண்டி, 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும் வரை காலைப் பனிமூட்டத்தில் முன்னால் போகும் லாரியே தெரிவதில்லை, அதனால் ஆறு வாரம் எனக்கு மெட்ரோதான், வண்டி சும்மா நிற்கும். அந்த நேரத்தில் வேலைகளை நானே செய்து முடிக்க ஆசை.

காரணம் இருக்கிறது. போன வருடம் ஒரு சர்வீஸ் கடையில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மறுநாள் பார்த்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை மரை போகும் அளவுக்கு இறுக்கியிருக்கிறார்கள். கேட்டதற்குப் பழைய வண்டி அப்படித்தான் என்றார்கள். இப்போது டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மனசே ஒப்பவில்லை.

என் பட்டியல்: ஆயில், டிரெயின் போல்ட், செயின் ஸ்பிராக்கெட், கார்புரேட்டர், இடது ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்) ஆயில் கசிவு, ஹேண்டில் நேராக இருக்கும்போது ஒரு இடத்தில் ‘டக்’ என்று உட்காருவது, டேப்பெட், கடைசியாக டேங்க் பெயின்ட். ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட் இருக்கிறது, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரித்துப் போட்டுவிட்டு நிதானமாகச் சேர்க்கலாமா? எந்த வரிசையில் போகலாம்?

பழைய_ஃபிட்டர்_ஆர்கேபுரம்:

தம்பி, ஒரே மூச்சில் பிரிக்காதீர்கள். நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் சொல்கிறேன், இந்த ஊரில் பிரித்துப் போட்ட நிலையிலேயே பழைய இரும்புக்குப் போன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஞாயிறு எல்லாம் கழற்றிவிடுவோம், இரண்டாம் ஞாயிறு ஒரு சாமான் கிடைக்காது, மூன்றாம் ஞாயிறு ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள், பிப்ரவரியில் எந்த போல்ட் எங்கே என்று மறந்திருக்கும். ஒரு வேலையைத் தொட்டால் அதை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும்.

டேப்பெட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். உங்களுடையது யுசிஇ இன்ஜின், அதாவது இன்ஜினும் கியரும் ஒரே கூட்டில் இருப்பது. வால்வைத் தள்ளும் டேப்பெட் அதில் ஹைட்ராலிக், ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், செட் பண்ண அங்கே ஒன்றுமில்லை. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில்தான் அந்த வேலை. நாள் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி ‘டிக் டிக்’ என்று கேட்டால் பயப்படாதீர்கள், ஆயில் ஏறியதும் அடங்கிவிடும்.

ஃபோர்க் கசிவும் ஹேண்டில் ‘டக்’ என்பதும் ஒரே வேலை. முன் சக்கரம், ஃபோர்க் எல்லாம் எப்படியும் இறங்கப் போகிறது, அப்போதே கோன் செட்டையும், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கையும், மாற்றிவிடுங்கள். ஆனால் ஃபோர்க் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். தூசித் தொப்பியைத் தூக்கிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, சீலுக்கும் ராடுக்கும் நடுவே மெல்ல விட்டுச் சுற்றி இழுங்கள். மண் ஏதாவது சிக்கியிருந்தால் வெளியே வந்துவிடும், பாதிக் கசிவு அதிலேயே நிற்கும். அதற்கும் நிற்கவில்லை என்றால் ராடில் துருப்புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் புது சீலும் அங்கேயே கிழியும்.

போல்ட்டுகளை வைக்க வீட்டில் பழைய இட்லித் தட்டு இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழிக்கு ஒரு இடத்து போல்ட், தட்டுக்கு ஒரு வேலை. துணியில் கொட்டி வைத்தால் ஒன்றாவது காலில் பட்டு ஓடும்.

துவாரகா_ரைடர்:

கார்புரேட்டர் பற்றி நான் சொல்கிறேன், என் வண்டியும் அதே வருடம்.

இப்போது பங்கில் ஊற்றுவது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நிற்கும் வண்டியில் கார்புரேட்டரின் கீழ்க்கிண்ணத்தில் அப்படியே விட்டால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி படிந்து பைலட் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் நுண்ணிய துளையை, அடைக்கும். அதனால் நிறுத்தும் அன்றே பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள். டேங்க்கை மட்டும் நிரப்பி வையுங்கள், உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் துருவும் குறையும்.

பிரிக்கும்போது இரண்டு விஷயம். கிண்ணத்து ஸ்க்ரூ ஜப்பான் வகைத் தலை, பார்க்கச் சாதாரண ஸ்டார் போலவே இருக்கும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் வழுக்கித் தலை தேய்ந்துவிடும், நான் இரண்டைத் தேய்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஜேஐஎஸ் என்று கேட்டு ஒன்று வாங்குங்கள். அடுத்து, மேல்மூடியைக் கழற்றினால் கறுப்பு ரப்பர் டயாபிரம் வரும், அதன்மேல் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே படவே கூடாது. ரப்பர் ஊறிப் பெரிதாகி மறுபடி பள்ளத்தில் உட்காராது. அதை வெறும் துணியால் துடைத்தால் போதும். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதானால் பெட்ரோல் அதிகமாகப் போகும். ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழுசு, 12.4க்குக் கீழே போனால் மறுபடி ஏற்றுங்கள். 14 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரிக்கு அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.4 ஆம்பியரில் ஏற்றுவது நல்லது. கார் சார்ஜரில் போட்டுச் சூடாக்க வேண்டாம்.

மயூர்விகார்_350:

ரொம்ப நன்றி சார், மேடம். டேப்பெட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு சந்தேகம். வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் வண்டிக்கு நல்லதுதானே? குளிர் தாங்கவில்லை, ஷட்டரைப் பாதி இறக்கி ரூம் ஹீட்டர் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். என் ஒன்பது வயது மகளும் பக்கத்தில் உட்கார்ந்து போல்ட் துடைத்துக் கொடுக்கிறாள்.

பழைய_ஃபிட்டர்_ஆர்கேபுரம்:

தம்பி, இதை முதலில் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஷட்டர் பாதி இறங்கிய ஷெட்டில் இன்ஜினை ஓட்டவே ஓட்டாதீர்கள், ஒரு நிமிடம்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று நினைப்பதற்குள் எழுந்திருக்க முடியாமல் போய்விடும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி உயிர் போனவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலமும் இந்த ஊர்ப் பேப்பரில் வருகிறதே, அதே விஷவாயுதான். குழந்தையை வேறு பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

ஹீட்டரும் அப்படியே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். தரையில் சிவந்து எரிகிற ஹீட்டர், பக்கத்தில் கிண்ணம் வடிக்கிறீர்கள் என்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது. பெட்ரோல் வேலை எல்லாம் வெளியே, பகல் வெயிலில். ஷெட்டுக்குள் ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ், காலடியில் ஒரு அட்டை, அவ்வளவு போதும்.

ஐந்து நிமிட ஸ்டார்ட் வெளியே செய்தாலும் வண்டிக்கு நல்லதில்லை. இன்ஜின் முழுசாகச் சூடாகாது, எரியும்போது உண்டாகிற நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும், ஸ்டார்ட்டர் இழுத்த சார்ஜும் திரும்பி வராது. ஓட்டினால் நல்ல வெயில் வந்த ஒரு மதியம் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

கரோல்பாக்_பக்கம்:

சாமான் வாங்க கரோல் பாகில் நாயிவாலா பக்கம் வாருங்கள், புல்லட்டுக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. திங்கள்கிழமை வராதீர்கள், மார்க்கெட் லீவு. டூப்ளிகேட் அதிகம், கோன் செட்டும் ஃபோர்க் சீலும் மட்டும் கம்பெனி பேக்கில் வாங்குங்கள், விலை வித்தியாசம் பார்க்காதீர்கள். பழைய சாமானைக் கையில் எடுத்து வந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்கலாம்.

டிரெயின் போல்ட் மரைக்கு டெஃப்லான் டேப் தீர்வில்லை. கிரேங்க்கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு, இனியும் இறுக்கினால் மீதி மரையும் வந்துவிடும். ஹெலிகாயில் போடுகிற லேத் பட்டறையில் கொடுங்கள், உள்ளே இரும்புச் சுருள் மரை வைத்துத் தருவார்கள், பழைய அளவு போல்ட்டே உட்காரும். அதற்குப் பிறகு எப்போதும் புது வாஷர், டார்க் ரென்ச். ஆயில் 15டபிள்யூ50, டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ2 (JASO MA2) என்ற பைக் ஆயில் தரக் குறி இருக்க வேண்டும். இந்த இன்ஜினில் கிளட்ச்சும் கியரும் அதே ஆயிலில்தான் ஓடுகின்றன, கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

டேங்க் பெயின்ட்டை ஹோலிக்குத் தள்ளிவையுங்கள். ஜனவரி ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் மேலே வெள்ளையாகப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும், மறுபடி தேய்க்க வேண்டும்.

மயூர்விகார்_350:

பொங்கல் அன்று எழுதுகிறேன். ஹீட்டரை அன்றே வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டேன், இப்போது ஷட்டர் முழுசாகத் திறந்துதான் வேலை. எக்ஸ்ரே ஃபிலிம் விட்டு இழுத்ததில் கறுப்பாக மண் வந்தது, ஆனாலும் கசிவு நிற்கவில்லை, சீல் மாற்றினேன். ராட் சுத்தமாக இருக்கிறது. கோன் செட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அந்த ‘டக்’ புரிந்தது. பேரிங் குண்டுகள் ஓடும் கீழ் ரேஸ் வளையத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், விரல் வைத்தால் படி படியாகத் தெரிகிறது, அதில்தான் ஹேண்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. புதுசு போட்டு, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலைத் தொட்டுவிட்டால் தானாக இரண்டு பக்கமும் விழுகிறது, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இல்லை. ஹெலிகாயிலும் ஆயிற்று, மூன்று நாளாகத் தரை காய்ந்தே இருக்கிறது. பெட்ரோல் இல்லாத வேலைக்கு மட்டும் மகள் வருகிறாள், இட்லித் தட்டு அவள் பொறுப்பு.

இந்த ஞாயிறு செயின் செட். செயின் கழுவ மண்ணெண்ணெய் இங்கே எங்கும் கிடைக்கவில்லை, என்ன செய்வது? அப்புறம் செயின் லாக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும்?

பழைய_ஃபிட்டர்_ஆர்கேபுரம்:

புது செயினைக் கழுவவே வேண்டாம், மேலே துடைத்தால் போதும். பின்னால் அழுக்கானால் டீசலில் மென்மையான பிரஷ் போட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு 90 கியர் ஆயில் தடவுங்கள். ஸ்பிராக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த பல்லில் புது செயின் சீக்கிரம் போய்விடும். பின் சக்கரம் இறங்கியிருக்கும்போதே டிரம்முக்குள் அதிர்ச்சி தாங்கும் ரப்பரை அழுத்திப் பாருங்கள், தளர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம்.

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்து, திறந்த வாய் பின்னால். மாட்டியதும் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, கிளிப் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.