வெயிலே படாத அலுவலக அறையில் செடி வைத்தால் பயன் உண்டா?

பேரேடு கேட்கிறார்:
வணக்கம். கோவையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அறைக்கு ஒரே ஜன்னல்; திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். நாள் முழுவதும் ஏசியும் டியூப்லைட்டும்தான். செடி வைத்தால் காற்று சுத்தமாகும், நாசாவே சொல்லியிருக்கிறது என்கிறார் உடன் வேலை செய்பவர். கொசு வரும் என்கிறார் முதலாளி. யார் சொல்வது சரி?

செடிக்காரி:
தம்பி, அலுவலகங்களுக்குச் செடி வைத்துப் பராமரிப்பதுதான் என் தொழில். ஆனாலும் காற்றுக்காகச் செடி வாங்குங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். 1989-இல் வெளியான அந்த நாசா ஆய்வு, காற்றுப் புகாத பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. ஆட்கள் வந்துபோகும் அறைக்கு அது பொருந்தாது. சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்று, பல ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டார்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

செடி வேண்டியது மனதுக்கு. பிரிட்டன், நெதர்லாந்து அலுவலகங்களில், ஒன்றுமில்லாமல் வெறுமையாக இருந்த தளங்களில் செடிகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. வேலைத்திறன் 15 சதவீதம் வரை கூடியது, ஊழியர்களுக்கு இடமும் பிடித்துப்போனது. அந்த எண்ணை விடுங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிப்பின்போது புதுத் துளிர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க எழுந்து வருபவர்களை நான் எத்தனையோ அலுவலகங்களில் பார்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். நிமிர்ந்தால் கண்ணில் பட வேண்டும்.

உங்கள் அறைக்கு மணிபிளாண்ட், பாம்புக் கற்றாழை, இசட்இசட் செடி ஆகியவை தாங்கும். இசட்இசட் செடிக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு, அதில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். மஞ்சள் வரியோடிய மணிபிளாண்ட் இருட்டில் முழுப் பச்சையாக மாறும், அது நோயல்ல. இரண்டு ஜோடி வாங்கி, மாடிப்படி வெளிச்சத்தில் ஒரு ஜோடியை வைத்து முறை மாற்றுங்கள். ஏசிக் காற்று நேராக அடித்தால் இலை நுனி கருகும்.

கொசு ஒழிப்புப் பணியாளர்:
முதலாளி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் மணிபிளாண்ட் பாட்டிலிலும் முட்டையிடும். தட்டு காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.

பேரேடு:
இருவருக்கும் நன்றி. அக்கா, சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டியிருக்குமே, தண்ணீருக்கு என்ன செய்வது?

செடிக்காரி:
அந்த இரண்டு நாளில் எதுவும் வாடாது. அலுவலகச் செடி பெரும்பாலும் அழுகித்தான் சாகிறது, ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றுவதால். பொறுப்பை ஒருவரிடமே விடுங்கள். அவர் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்கட்டும். ஈரமண் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மிச்ச டீயைத் தொட்டியில் கொட்டக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் மண்ணில் பூஞ்சை படரும், எறும்பு வரும்.