பிள்ளையார் நோன்புக்கு 14 பேர் கூடுறோம், பரிசா என்ன விளையாட்டு வாங்கலாம்?

பள்ளத்தூர்ப் பேத்தி:
கார்த்திகை தீபம் முடிஞ்ச 21ஆம் நாள் வர்ற எங்க நகரத்தார் நோன்புக்கு இந்த வருஷமும் ஊருலதான் கூடுறோம். மொத்தம் 14 பேர். கடைக்குட்டிக்கு 6 வயசு, அப்பத்தாவுக்கு 82. போன வருஷம் இழை (திரி ஏத்தின மாவு) எடுத்து முடிச்ச கையோட ஆளுக்கொரு தூணுல சாஞ்சு போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டோம். "இதுக்கா பூட்டிக் கெடந்த வீட்டைத் தூசி தட்டித் தெறந்தோம்"னு பெரியம்மா கேட்டுப்புட்டாக. அதனால இந்தத் தடவை அவுகளுக்கே ஒரு விளையாட்டு வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன். மூளையைக் கசக்கக் கூடாது, அதிர்ஷ்டத்துல ஓடணும், ஒரு ஆட்டம் கால் மணி நேரத்துல முடியணும். 600 ரூபாய்க்குள்ள. ஊனோவா, தம்போலாவா, இல்ல இடது-வலது-நடுன்னு ஒரு பகடை ஆட்டம் சொல்றாகளே, அதுவா?

முனீஸ்வரன் கோவில் தெரு:
ஆச்சி, இதுல கேக்க என்ன இருக்கு? பித்தளைத் தாயக்கட்டை. காரைக்குடியில எங்க தெருவுல பழைய சாமான் கடை ஒண்ணு விடாம ஏறி இறங்குங்க, உங்க பணத்துக்குள்ள அமையும். பரிசுன்னா கையில கனம் தெரியணும். அட்டைப் பெட்டியைக் கொண்டுபோயா பெரியம்மா கையில குடுப்பீக? வளவுல, அதான் உள் முற்றத்துல, சாக்பீஸ்ல கட்டம் போட்டா ஆட்டம் தயார். ஆத்தங்குடித் தரைக் கல்லுல ஈரத்துணி போட்டா அழிஞ்சிரும்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, அவுக கேட்டது கால் மணி நேர ஆட்டம். தாயக்கட்டையில வெறும், 1, 2, 3ன்னு நாலு முகம். ரெண்டு கட்டைக்கும் சேத்து 16 விதமா விழலாம். காய் இறக்கத் தாயம் விழணும்னா ஒண்ணு வெறும், இன்னொண்ணு 1. அப்படி ரெண்டே விதம். அதாவது எட்டுக்கு ஒண்ணு. எட்டுத் தடவை உருட்டியும் தாயமே விழாம உக்காந்திருக்கிறவுக ஏறக்குறைய மூணுல ஒருத்தர். 14 பேரு உருட்டி ஒரு சுத்து வர்றதுக்குள்ள கடைக்குட்டி குறட்டை விட்டுரும்.

முனீஸ்வரன் கோவில் தெரு:
கணக்கு சரி தம்பி, ஆட்டம்தான் தெரியல. தாயம் விழாம தவிக்கிற தவிப்புலதான் ருசியே. எங்க ஆயா கட்டையை உள்ளங்கையில வச்சு உரசிக்கிட்டே "விழு, விழு"ன்னு அதட்டுவாக, கட்டை என்னமோ அவுக வீட்டு வேலையாள் மாதிரி. 14 பேரும் தனித்தனியாவா ஆடப் போறாக? நாலு கட்சியாப் பிரிச்சுட்டாப் போதும். இன்னொண்ணு, தாயத்துல விழுறதுதான் அதிர்ஷ்டம். வெட்டுறதா, பழம் ஏத்துறதாங்கிறது நம்ம கையில. ஆச்சி கேட்ட அந்த இடது-வலது-நடு பகடையில நம்ம கையில என்ன இருக்கு?

தேவகோட்டை மாப்பிள்ளை:
சின்னப் பிள்ளைக இருக்கிற வீட்டுல ஊனோவை விட்டா வேற என்னங்க? நிறத்தைப் பாத்துப் போட வேண்டியதுதான்.

பள்ளத்தூர்ப் பேத்தி:
அதைத்தான் மொதல்ல எடுத்துப் பாத்தேன் அண்ணே. பெட்டியில 108 சீட்டு, 10 பேரு வரைக்கும்னு போட்டிருக்கு. 14 பேருக்கு ஏழேழா குடுத்தா 98 போயிரும். மீதி பத்தை வச்சு என்ன பண்றது?

தேவகோட்டை மாப்பிள்ளை:
ரெண்டு பெட்டி வாங்கிக் கலந்துக்கங்க.

கணக்குப்பிள்ளை:
கலந்தா ஆட்டம் இழுக்கும். அப்பத்தாவுக்கு நாலு சீட்டு எடுக்கச் சொல்லி ரெண்டு தடவை வந்துச்சுன்னா 15 சீட்டு கையில. 82 வயசு விரல் அதை விசிறி மாதிரி விரிச்சுப் பிடிக்குமா? சீட்டு ஆட்டம்னாலே கை, கண்ணு ரெண்டும் நல்லா இருக்கணும். தம்போலாவும் அப்படித்தான். சீட்டுக்கு 15 எண்ணு, எல்லாம் பொடி எழுத்து. ஒருத்தர் ஆடாம எண்ணைக் கத்திக்கிட்டே இருக்கணும்.

கண்டனூர் ஆச்சி:
நாங்க போன கோடையில இடது-வலது-நடு ஆடினோம். அதனால சொல்றேன். ஆளுக்கு மூணு காய். கையில எத்தனை காய் இருக்கோ அத்தனை பகடை உருட்டணும், மூணுக்கு மேல இருந்தாலும் மூணுதான். பகடையில மூணு முகம் புள்ளி. புள்ளி விழுந்தா காய் உங்ககிட்டயே இருக்கும். மத்த மூணுல ஒண்ணு இடது பக்கத்து ஆளுக்கு, ஒண்ணு வலது பக்கத்து ஆளுக்கு, ஒண்ணு நடுவுக்கு. நடுவுக்குப் போனது போனதுதான். கடைசியா யாரு கையில காய் மிஞ்சுதோ அவுக ஜெயிச்சாக. எனக்குப் பிடிச்சது, காய் தீந்தாலும் யாரையும் வெளிய அனுப்ப மாட்டாக. பக்கத்துல இருக்கிறவுகளுக்கு விழுந்தா உங்களுக்குத் திரும்ப வந்துரும். எங்க மச்சினர் எல்லாம் போச்சுன்னு எந்திரிச்சுக் காபி குடிக்கப் போனாக, திரும்பி வர்றதுக்குள்ள அவுக இடத்துல ரெண்டு காய்.

முனீஸ்வரன் கோவில் தெரு:
உக்காந்தே இருக்கிறவுகளும் ஜெயிக்கலாம்னா அதுக்குப் பேரு விளையாட்டா? ஒரு ரூபாயைச் சுண்டிப் பூவா தலையா பாத்துட்டுப் போகலாமே ஆச்சி.

கண்டனூர் ஆச்சி:
பூவா தலையாவுல ஒரு நொடியில சோலி முடிஞ்சுது அண்ணே. இதுல என் காயை நீங்க பிடுங்க முடியாது, ஆனா உங்க பகடையால உங்க காய் எனக்கு வரும். அதனால அடுத்தவுக உருட்டும்போதும் எல்லாரு கண்ணும் அங்கதான். அப்புறம், உங்க தாயத்துல ஒருத்தர் காயை வெட்டினாகன்னா அதை மறுநாள் காலைப் பலகாரம் வரைக்கும் பேசுவாக. பாகப்பிரிவினை முடிஞ்ச பங்காளிக கூடுற வீட்டுல வெட்டாத ஆட்டமே நல்லது. (இது எங்க வீட்டு அனுபவம்.)

முனீஸ்வரன் கோவில் தெரு:
வெட்டுப்பட்டவுக பேசுறது இருக்கட்டும். நடுவுல காசு வச்சு ஆடுறாகளே, அது சூதுதானே?

கணக்குப்பிள்ளை:
காசு வச்சா சூதுதான், அதுல ரெண்டு பேச்சில்ல. கடல் கடந்து வியாபாரத்துக்கு, அதான் கொண்டுவிக்கப் போய்க் காசு சேத்தவுக வீட்டு வளவுல பகடைக்குக் காசு வேண்டாம். காய் போதும்.

பள்ளத்தூர்ப் பேத்தி:
எனக்கு ஆச்சி சொல்றதுதான் மனசுக்குப் படுது. ஆனா கடைப் பகடையில இங்கிலீஷ் எழுத்துல்ல இருக்கு, அப்பத்தா படிக்க மாட்டாக. அதனால சாதாரணப் பகடை மூணு. 1, 2, 3 விழுந்தா காய் நகரும், 4, 5, 6 விழுந்தா நம்மகிட்டயே. காய்க்கு 42 குன்றிமணி எடுத்து, ஒரு பழைய கண்டாங்கிச் சீலையைக் கிழிச்சுச் சுருக்குப்பை தைக்கிறேன்.

கண்டனூர் ஆச்சி:
குன்றிமணி வேண்டவே வேண்டாம்! அது விஷம், சின்னப் பிள்ளை கடிச்சுருச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். புளியங்கொட்டையைக் கழுவிக் காயப்போடுங்க, போதும்.

முனீஸ்வரன் கோவில் தெரு:
பெரியம்மாவுக்குப் பரிசு புளியங்கொட்டை! நல்லாருக்கு. நடுவுல வைக்கவாச்சும் ஒரு பித்தளைக் கிண்ணம் வாங்குங்க ஆச்சி. கொட்டை விழுந்தா 'ணங்'குன்னு கேக்கணும்ல.

பள்ளத்தூர்ப் பேத்தி:
அது நல்ல யோசனை அண்ணே, பெரியப்பாவுக்குக் காது மந்தம். ஒரு சந்தேகம். அப்பத்தா இடது, வலதுன்னா கொஞ்சம் தடுமாறுவாக.

கண்டனூர் ஆச்சி:
அப்படி ஏன் சொல்றீக? பீச்சாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம்னு சொல்லுங்க. 82 வயசுல அது மறக்குமா?

பள்ளத்தூர்ப் பேத்தி:
அப்ப 1 பீச்சாங்கை, 2 சோத்தாங்கை, 3 கிண்ணம். துண்டுச் சீட்டுல கொட்டை எழுத்துல எழுதிப் பைக்குள்ள சொருகிட்டேன்.