மபோகோ சகோதரர்கள்: காட்டுச் சிங்கங்களை நேரில் கண்டவர்கள் இங்கே எழுதுங்கள்

கடற்காற்று, உப்புவெளி

கப்பலிலும் ஒப்பந்த வேலையிலும் ஆப்பிரிக்கா போய் வந்தவர்கள் திருகோணமலையில் பலர் இருக்கிறீர்கள். காட்டில் சிங்கத்தைக் கண்டிருந்தால் எழுதுங்கள். ஆண் சிங்கங்கள் கூட்டாக வாழ்வதைக் கண்டவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். முதலில் நான் தொடங்குகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு ஓரத்தில் சாபி சாண்ட் என்ற தனியார் வனப்பகுதி இருக்கிறது. ஏறத்தாழ 65,000 ஹெக்டேர். இரண்டுக்கும் நடுவில் இருந்த வேலியை 1993இல் எடுத்துவிட்டதால் விலங்குகள் இங்கும் அங்கும் தாராளமாகப் போய்வரும். அங்குள்ள சுற்றுலா விடுதிகளில் குளிர் அறைகளும் ஐஸ் மெஷின்களும் திருத்துவது என் வேலை. நான் அங்கே இருந்தது மபோகோக்களின் காலம்.

மபோகோ என்பது ஆறு ஆண் சிங்கங்களின் கூட்டணி. மகுலு, ராஸ்டா, ஸ்கார், பிரிட்டி பாய், கிங்கி டெய்ல், மிஸ்டர் டி. மகுலு மற்ற ஐவரையும்விட வயதில் மூத்தவன். பொதுவாக ஆண் சிங்கங்கள் இரண்டாகவோ மூன்றாகவோதான் சேர்ந்து திரியும். இவர்கள் ஆறு பேரும் 2006இல் சாபி சாண்டின் மேற்குப் பகுதிக்குள் இறங்கியபோது அவர்களை எதிர்த்து நிற்கக்கூடிய கூட்டம் எதுவும் அங்கே இருக்கவில்லை. பழைய ஆண்களை விரட்டினார்கள், அகப்பட்டவர்களைக் கொன்றார்கள். குட்டிகளையும் விட்டுவைக்கவில்லை. சில பெண் சிங்கங்களும் செத்தன. நாற்பதுக்கு மேல் கொன்றார்கள் என்று ரேஞ்சர்கள் சொல்வார்கள், நூறு என்று சொல்பவர்களும் உண்டு.

நான் முதலில் கண்டது ஒரு விடியற்காலையில். ஒரு விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு என்னை ஏற்றிப்போன ரேஞ்சர் திடீரென்று எஞ்சினை நிறுத்தினார். மணல் பாதையில் ஒருவன் பின்னால் ஒருவனாக நான்கு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஜீப்புக்குக் கதவு கிடையாது, மேலே கூரையும் கிடையாது. முன்னால் வந்தவன் என் முழங்காலுக்கு இரண்டு முழத் தூரத்தில் கடந்து போனான். முகமெல்லாம் பழைய கீறல், மூக்கில் ஒரு துண்டு இல்லை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பற்றை இருந்தது. முதலாமவன் அதில் முகத்தைத் தேய்த்து, திரும்பி நின்று சிறுநீரைப் பீய்ச்சினான். அடுத்தவன் வந்து அதே பற்றையில் அதையே செய்தான். நான்கு பேரும் அப்படித்தான். கடைசியாக வந்தவன் முடித்ததும் ஓடிப்போய் முன்னால் நின்றவனின் தலையோடு தலையை உரசினான். பக்கத்து எல்லைக்காரனைக் கடித்துக் கிழிக்கிற அதே வாய்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த, ஷாங்கான் இனத்தைச் சேர்ந்த விலங்குத் தடம் பார்ப்பவர் மெல்லச் சிரித்தார்.

இரவில் அவர்கள் கர்ச்சித்தால் நான் நிற்கும் குளிர் அறையின் தகரச் சுவர் அதிரும். சிங்கத்தின் குரல் எட்டுக் கிலோமீட்டர் வரை கேட்கும் என்கிறார்கள். ஒருவன் தொடங்க, மற்றவர்கள் ஏற்றுப் பாட, எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது. சமையலறைப் பெடியன்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அது முடியும் வரை கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அப்புறம் அவர்கள் பிரிந்தார்கள். என்னைக் கேட்டால் சரிவு தொடங்கியது அங்கேதான், வயது அதற்குப் பிறகுதான் வந்தது. கிங்கி டெய்லும் மிஸ்டர் டியும் மற்ற நால்வரையும் மேற்கில் விட்டுவிட்டுப் புது இடம் பிடிக்கப் போனார்கள். 2010 ஜூனில் மஜிங்கிலானே என்ற ஐந்து இளம் ஆண்கள் அந்தப் பக்கம் வந்தார்கள். மபோகோ இருவரும் அந்த ஐவரில் ஒருவனைத் தனியாகப் பிடித்துக் கொன்றார்கள். மிச்சம் நால்வரும் திரும்பி வந்து கிங்கி டெய்லைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் இடுப்பைக் கடித்துப் பிடிக்க, மற்றவர்கள் முதுகெலும்பை முறித்தார்கள். மிஸ்டர் டியால் கூட்டாளியைக் காப்பாற்ற முடியவில்லை, ஓடினான். நாங்கள் பட்டறையில் நின்றபோது வாகன ரேடியோவில் செய்தி வந்தது. வயது போன ஒரு ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார்.

மிஸ்டர் டி மேற்கே திரும்பி வந்து பழைய சகோதரர்களோடு சேர்ந்தான். சேர்ந்தவன் அவர்களுடைய குட்டிகளையே கொன்றான். அதைப் பார்த்த ஆட்கள் அவனை மன்னிக்கவே இல்லை. நான் அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். இழந்த இடத்தைப் பிடிப்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பிறகு ராஸ்டாவும் ஸ்காரும் இல்லாமல் போனார்கள். 2012 மார்ச்சில் செலாத்தி என்ற நால்வர் கூட்டணி வந்து மிஸ்டர் டியைக் கொன்றது. மிஞ்சியது மகுலுவும் பிரிட்டி பாயும் மட்டும்.

அந்த ஆண்டு ஒரு நாள் அவர்கள் இருவரையும் கண்டேன். இடுப்பெலும்பு தெரிந்தது. ஒரே நிழலில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தார்கள். தூரத்தில் வேறு சிங்கங்கள் கர்ச்சித்தபோது இருவரும் தலை தூக்கிக் கேட்டார்கள். பதிலுக்கு வாயைத் திறக்கவில்லை.

உவர்மலை மகள்

அண்ணா, கடைசி வரியை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

நான் நைரோபியில் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். விடுமுறை கிடைத்தால் நாங்கள் சேர்ந்து வாகனம் பிடித்து கென்யாவின் மசாய் மாரா வனப்பகுதிக்குப் போவோம். அங்கே ஸ்கார்ஃபேஸ், மொரானி, சிக்கியோ, ஹன்டர் என்று நான்கு ஆண் சிங்கங்கள் பெயர் போனவை. ஸ்கார்ஃபேஸின் வலது கண்ணுக்கு மேலே பெரிய வெட்டுக்காயம் இருந்தது. 2012 அளவில் பட்ட காயம் அது, கடைசிவரை அந்த வடு போகவில்லை. நீங்கள் சொன்ன மபோகோக்களைப்போல இவர்களும் சேர்ந்தே திரிந்தவர்கள்.

நான் கண்டபோது ஸ்கார்ஃபேஸ் கிழவன். கரிய பிடரி, தோள்வரை இறங்கியிருந்தது. வாகனங்கள் பத்துப் பதினைந்து சுற்றி நின்றன, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழும்புவதற்கு அவனுக்கு நேரம் எடுத்தது. முதலில் முன் காலை ஊன்றி, நின்று, பிறகுதான் பின் காலைத் தூக்கினான். அந்த எழும்புதலில் எனக்கு என் அப்பப்பா ஞாபகம் வந்தார். எங்கள் சாரதி ஒரு மசாய் பெரியவர். தன் கிராமத்து மாடுகளைச் சிங்கம் அடித்திருக்கிறது, கோபம் உண்டு என்றார். "ஆனால் இவனைக் கண்டால் வணக்கம் சொல்வேன்" என்றும் சொன்னார்.

2021 ஜூன் 11இல் அவன் இறந்தான். யாரும் கொல்லவில்லை, வயதாகிச் செத்தான். வயது பதின்மூன்றோ பதினான்கோ. ஆண் சிங்கம் காட்டில் அந்த வயதைக் காண்பது மிக அரிது. அவ்வளவு காலம் அவன் இருந்ததற்கு அவன் பலம் மட்டும் காரணமல்ல என்று நான் நினைக்கிறேன். அவனுக்குப் பக்கத்தில் எப்போதும் மூன்று பேர் இருந்தார்கள்.

மூதூர் ரீச்சர்

பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கும்போது இதை நான் விரிவாகச் சொல்வேன். குட்டி கொல்வதைக் கேட்டால் வகுப்பில் பெண் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓர் ஆண் கூட்டணி ஒரு பெண் கூட்டத்தை வைத்திருப்பது சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுதான். குட்டியோடு இருக்கிற தாய் ஏறத்தாழ ஒன்றரை வருடம் வரை இணைசேர மாட்டாள். குட்டி போனால் சீக்கிரமே தயாராகிவிடுவாள். கருக்காலம் நூற்றிப்பத்து நாள் அளவுதான். புதிதாக வந்த ஆணுக்குப் பொறுத்திருக்க நேரம் கிடையாது. தன் குட்டி இரண்டு வயதைத் தாண்டும்வரை எல்லையைப் பிடித்திருந்தால்தான் தகப்பன். பிடி நழுவினால் அவன் குட்டிகளுக்கும் அதே கதி. கிங்கி டெய்ல் இறந்தது ஒரு சிங்கத்தின் சாவு மட்டும் இல்லை, அவனுடைய குட்டிகளுக்கு இருந்த காவலும் அன்றோடு போனது.

கடற்காற்றுத் தம்பி கடைசியாக எழுதியதற்கும், அந்த இருவரும் பதிலுக்குக் கர்ச்சிக்காததற்கும், விளக்கம் உண்டு. தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஆய்வாளர்கள் ஒலிபெருக்கியில் அந்நியச் சிங்கக் குரல்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு குரல் என்றால் பெண் சிங்கங்கள் துணிந்து போகும், மூன்று குரல் என்றால் தங்கள் பக்கம் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் காலடி வைக்கும். எண்ணத் தெரிந்த விலங்கு. அந்த இரண்டு கிழவர்களும் எண்ணியிருப்பார்கள்.

இன்னொன்று. 1991இல் மரபணுவை வைத்துப் பார்த்ததில், இருவர் அல்லது மூவர் கூட்டணியில் உறவில்லாத ஆண்களும் சேர்ந்திருப்பது தெரிந்தது. பெரிய கூட்டணிகள் எல்லாம் இரத்த உறவு. காரணம், கூட்டம் பெருத்தால் சிலருக்குக் குட்டியே கிடைக்காமல் போகும். சொந்தச் சகோதரன் என்றால்தான் அதைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க முடியும்.

பரோடா மாணவி, நிலாவெளி

ஆப்பிரிக்கா போகாமலும் சிங்கம் பார்க்கலாம் அண்ணா. குஜராத்தில் படிக்கும்போது கிர் காட்டுக்குப் போனேன். அங்கே சிங்கத்தின் முக்கிய இரை புள்ளிமான். நம்முடைய பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் ஆட்களிடம் வாழைப்பழம் வாங்கித் தின்கிறதே, அதே மான். அதைச் சிங்கம் துரத்துகிறது என்று நினைத்தபோது எனக்கு என்னவோ செய்தது.

இரை சிறிதாக இருப்பதால் கிரில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் வேறு வேறாகவே திரிகின்றன. ஆண்கள் அதிகமாக இரண்டு பேராகச் சேர்ந்திருக்கும். ஜெய், வீரு என்று பேர்போன இரட்டையர் இருந்தார்கள். வேறு ஆண்களோடு ஏற்பட்ட சண்டையில் இருவருக்கும் காயம். 2025 ஜூனில் வீரு செத்தது, ஜூலையில் ஜெய்யும் போனது. அதே ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் குஜராத்தில் மொத்தம் 891 சிங்கங்கள்.

தம்பலகாமத்தான்

சிங்கம் நான் காணவில்லை, தெகிவளை மிருகக்காட்சிசாலையில் கூண்டுக்குள் கண்டதோடு சரி. யானை பற்றி எழுதலாமா? கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விதைத்த வயல், அறுவடை நெருங்கும்போது இரவுக் காவல். வருவது பெரும்பாலும் ஆண் யானைகள்தான். தனியன் வரும், சில நேரம் இரண்டு மூன்று இளசுகள் ஒரு பெரிய அலியன் யானையின் பின்னால் வரும். யானை வெடி போட்டால் இளசுகள் ஓடும், பெரியவன் நின்று பார்ப்பான். அவன் நிற்பதைக் கண்டு இளசுகளும் திரும்ப வரும். வழி காட்டுகிறவன், பயம் தெளிவிக்கிறவன் எல்லாம் அவன்தான்.

உங்கள் சிங்கக் கதையைப் படித்தபோது ஒரு வித்தியாசம் பட்டது. ஆண் யானை வயதாக ஆக வளர்ந்துகொண்டே இருக்கும், நாற்பது தாண்டிய பிறகுதான் மதமும் வலுவும் உச்சம். சிங்கத்துக்கு எட்டு ஒன்பது வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பாவம், இவ்வளவு அவசரமான வாழ்க்கை.

கடற்காற்று, உப்புவெளி

ரீச்சர் அக்கா, அந்த எண்ணுகிற விஷயம் எனக்குப் புதிது, நன்றி. தம்பலகாமத்து ஐயா, யானைக்குத் தனி இழை தொடங்குங்கள், நான் கட்டாயம் வருவேன்.

பிறகு என்ன நடந்தது என்று தனிச் செய்தியில் ஒரு தம்பி கேட்டிருந்தார். பிரிட்டி பாயும் மகுலுவும் செலாத்தி நால்வருக்கு இடம் விட்டு குரூகர் பக்கம் போனார்கள். பிரிட்டி பாய் 2012இலேயே இல்லாமல் போனான். மகுலு கடைசியாகக் காணப்பட்டது 2013 தொடக்கத்தில். ஆறு பேரில் முதலில் பிறந்தவன், கடைசிவரை நடந்தவனும் அவன்தான். மஜிங்கிலானே நால்வர் அதற்குப் பிறகும் பல வருடம் அந்தக் காட்டை ஆண்டார்கள். பிறகு அவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

எனக்கு மனதுக்கு ஆறுதலான ஒன்றும் உண்டு. மபோகோக்களின் மகள்மார் சிலர் தகப்பன்மார் போன பிறகும் தப்பிப் பிழைத்து வளர்ந்தார்கள். பிறந்த கூட்டத்திலேயே தங்கி, தகப்பனை விரட்டியவர்களுக்கே குட்டி ஈன்றார்கள். விடுதிச் சாப்பாட்டு மேசையில் ரேஞ்சர்கள் ஒவ்வொரு சிங்கியின் பெயரையும் சொல்லி, இவள் இன்ன மபோகோவின் மகள் என்று வாதாடுவார்கள். தகப்பன் யார் என்பதில் இருவர் ஒத்துப்போனதை நான் காணவில்லை.