கிளமிடியா: யூரின் பிசிஆர் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். எதை நம்புவது?

லேப்மேசை:
எங்கள் லேபில் கிளமிடியாவுக்கு (உடலுறவால் பரவும் பாக்டீரியா தொற்று) ரியல் டைம் பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்) புதிதாகத் தொடங்கியிருக்கிறோம். ஆண், பெண் இருவரிடமும் யூரின் கல்ச்சருக்கு வாங்குவது போலவே கழுவச் சொல்லி, மிட்ஸ்ட்ரீம் (முதலில் வருவதை விட்டு நடுவில் பிடிக்கும்) யூரின்தான் வாங்குகிறோம். ஒரு பெண்ணுக்கு எலைசா இரத்த டெஸ்டில் ஐஜிஜி (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவ், பிசிஆர் நெகட்டிவ். இன்னும் சில யூரினில் இன்டர்னல் கன்ட்ரோலே (டெஸ்ட் சரியாக ஓடியதா என்று காட்டும் சோதனை டிஎன்ஏ) எழும்பவில்லை. எங்கே கோளாறு?

சுழல்குழாய்:
முதல் கோளாறு சாம்பிளில். இந்தக் கிருமி செல்லுக்குள் வாழ்வது. சிறுநீர்க்குழாயின் உள்சுவர் செல்களை அடித்துக்கொண்டு வருவது முதலில் வரும் யூரின்தான். மிட்ஸ்ட்ரீம் வாங்கினால் தேட வேண்டியது கழிப்பறையோடு போய்விட்டது.

ஆண்களுக்கு: கடைசியாகச் சிறுநீர் கழித்துக் குறைந்தது 1 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கழுவவோ துடைக்கவோ வேண்டாம். முதல் 20–30 மி.லி. மட்டும். கப்பை நிரப்பிக் கொடுத்தால் நீர்த்துப்போகும். கப்பில் 30 மி.லி. அளவில் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுங்கள், வாயால் சொல்வது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

பெண்களுக்கு யோனி ஸ்வாப்தான் (சுவரைத் தடவி எடுக்கும் குச்சி) முதல் தேர்வு. அவரே எடுத்தாலும் டாக்டர் எடுப்பதற்குக் குறைவில்லை: சுமார் 5 செ.மீ. உள்ளே விட்டு, சுவரில் படும்படி 10–30 விநாடி சுழற்ற வேண்டும். யூரினை மட்டும் நம்பினால் ஸ்வாப்பில் தெரிவதில் 10% வரை தவறிப்போகலாம். கிட்டோடு வரும் ஸ்வாப்பையே பயன்படுத்துங்கள். மரக்குச்சிப் பஞ்சு வேண்டாம்.

எலைசா_தட்டு:
அந்த ஐஜிஜியை ஓரமாக வையுங்கள். தொற்று போய் வருடங்கள் ஆனாலும் ஆன்டிபாடி நிற்கும். நுரையீரலைத் தாக்கும் கிளமிடியா நிமோனியேவோடு குறுக்கு வினையும் உண்டு. கருக்குழாய் அடைப்பு சந்தேகத்தில் குழந்தையின்மை டாக்டர்கள் கேட்பது வேறு விஷயம். இப்போது தொற்று இருக்கிறதா என்பதற்கு அது பதில் இல்லை. அதற்காக இந்த பிசிஆர் நெகட்டிவையும் நம்ப வேண்டாம், ஸ்வாப் வாங்கி மறுபடி போடுங்கள்.

பிசிஆர்_பித்து:
இன்டர்னல் கன்ட்ரோல் எழாமல், டார்கெட்டும் (டெஸ்ட் தேடும் கிருமியின் டிஎன்ஏ பகுதி) எழாமல் இருந்தால் அது நெகட்டிவ் அல்ல, செல்லாத முடிவு. அப்படியே ரிப்போர்ட் போடாதீர்கள். இரத்தம், நைட்ரைட், உப்புப் படிகங்கள் எல்லாம் டிஎன்ஏவைப் பெருக்கும் என்சைமைத் தடுக்கும். பிரித்தெடுத்த டிஎன்ஏவை 1:10 நீர்த்து ஓட்டிப் பாருங்கள், அல்லது யூரினை ஓர் இரவு 4 டிகிரியில் வைத்து மறுபடி பிரித்தெடுங்கள். நீர்த்ததில் பாசிட்டிவ் வந்தால் சரி. நெகட்டிவ் வந்தால் புது சாம்பிள்தான், ஏனென்றால் கிருமியும் சேர்ந்தே நீர்த்திருக்கும். டார்கெட் வலுவாக எழுந்து கன்ட்ரோல் மட்டும் அமுங்கினால் பெரும்பாலும் இரண்டும் ஒரே வினைப்பொருட்களுக்குப் போட்டியிடுவதால்தான். பாசிட்டிவாக ஏற்கலாமா என்று கிட் கையேட்டில் பாருங்கள்.

கிட் எந்த ஜீனைத் தேடுகிறது என்றும் கேளுங்கள். கிருமியின் பிளாஸ்மிடில் (தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) 377 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) உதிர்ந்த ரகம் 2006-ல் சுவீடனில் தெரியவந்தது. அந்த இடத்தையே குறிவைத்த கிட்டுகள் அதைத் தவறவிட்டன. 2019-ல் ஃபின்லாந்தில் 23எஸ் ஆர்என்ஏவில் (கிருமியின் ரைபோசோமில் உள்ள ஆர்என்ஏ) ஓர் எழுத்து மாறியதால் இன்னொரு டெஸ்ட் தவறியது. இரண்டு டார்கெட் உள்ள கிட்டே மேல்.

லேப்மேசை:
நன்றி. மருந்து முடித்து 2 வாரத்தில் மறுபடி பிசிஆர் கேட்கிறார்களே?

சுழல்குழாய்:
4 வாரத்துக்கு முன் வேண்டாம், செத்த கிருமியின் டிஎன்ஏவே பாசிட்டிவ் காட்டும். கர்ப்பிணிகளுக்குச் சுமார் 4 வாரத்தில் குணமானதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு 3 மாதத்தில். அது மறுதொற்றைப் பிடிக்க.