சின்ன அறையில் பறையும் ஜாஸும்: ஒலி தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, பெசன்ட் நகரில் நாற்பது பேர் உட்காரக்கூடிய ஒரு காபிக் கடையில் அடுத்த மாதம் சுயாதீன இசைக் கச்சேரி வைக்கிறோம். ஒரு பறைக் குழு, மூன்று பேர் ஜாஸ் குழு, அப்புறம் கிடாரோடு சொந்தப் பாட்டுப் பாடும் ஒரு பெண்.

சிக்கல் பறையில்தான். தோலைத் தீயில் காய்ச்சினால்தான் கணீரென்று பேசும். ஏசி அறைக்குள் அதற்கு வழியில்லை. வாசலில் காய்ச்சிக் கொண்டுவந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? காய்ச்ச வேண்டாத ஃபைபர் பறை போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு அந்தச் சத்தம் ஒட்டவில்லை. பறைக்கு மைக்கே வேண்டாம், சரி, ஆனால் குழுவில் பாடுபவரின் மைக்கில் அது புகுந்துவிடாமல் எப்படி நிறுத்துவது?

ஜாஸ் குழுவின் டபுள் பேஸுக்கு (ஆளுயரத் தந்தி வாத்தியம்) ஒரு டிஐ பாக்ஸும், அதாவது வாத்தியத்தின் ஒலியை நேராக மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டியும், தேவை. டிக்கெட் பணம் முழுக்கக் கலைஞர்களுக்கே என்பதால் ஒரு மாலைக்கு இரவல் கிடைத்தால் நல்லது. இருப்பவர்கள் சொல்லுங்கள்.