குளுக்கோசே மூளைக்குள் புகாது என்கிறது என் கணிப்பு மாதிரி: பிழை எங்கே?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். வேதித் தகவலியலில் (வேதிப் பொருள்களைக் கணினியால் ஆராயும் துறையில்) முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையிலும் உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அந்த எரிபொருள் வரத்துக்குத் துணைசெய்யும் சிறு மூலக்கூறுகளைக் கணினியில் சலித்தெடுப்பதே என் வேலை. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எது புகலாம் என்று வடிகட்டும் செல் சுவரான இரத்த-மூளைத் தடுப்பைக் கடப்பவை, கடக்காதவை என்று பொதுவெளியில் கிடைக்கும் தரவைக் கொண்டு ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கெடுப்பால் வகைப்படுத்தும்) மாதிரியைப் பயிற்றினேன். சோதித்துப் பார்த்தபோது, மூளையின் முதன்மை எரிபொருளான குளுக்கோசையே அது ஒதுக்கிவிட்டது. மூளை எரிக்கும் இன்னொரு பொருளை லாக்டிக் அமிலமாக வரைந்து கொடுத்தால் கடக்கும் என்கிறது, அதே அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழந்த வடிவமான லாக்டேட் அயனியாகக் கொடுத்தால் கடக்காது என்கிறது. தரவைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1 (மருந்து வடிவமைப்பாளர்):
தரவைக் கூட்டுவதால் இது தீராது. உங்கள் தரவில் பெரும்பாலானவை மருந்துகள். கொழுப்புச் சவ்வின் ஊடே தாமாகக் கரைந்து செல்லும் பண்பைத்தான் மாதிரி கற்றிருக்கிறது. குளுக்கோசைக் கையாலேயே கணக்கிட்டுப் பாருங்கள்: ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒவ்வொன்றும் 20.23, வளைய ஆக்சிஜன் 9.23, ஆக மொத்த முனைவுப் பரப்பு (மின்முனைவுள்ள அணுக்களின் மேற்பரப்பு; கூடினால் சவ்வைக் கடப்பது கடினம்) 110.38 சதுர ஆங்ஸ்ட்ராம். மூளை மருந்துகளுக்கு நாங்கள் வழக்கமாக வைக்கும் உச்ச வரம்பு 90. குளுக்கோஸ் உள்ளே செல்வது தடுப்பின் செல்களில் உள்ள குளூட்-1 என்னும் கடத்திப் புரதத்தின் வழியே. லாக்டேட்டும், உடல் கொழுப்பிலிருந்து உண்டாக்கும் கீட்டோன்களும் எம்.சி.டி-1 என்னும் வேறொரு கடத்தி வழியே. லாக்டிக் அமிலத்தின் பிகேஏ (பாதி அமிலமாகவும் பாதி அயனியாகவும் நிற்கும் பிஹெச்) 3.86 என்பதால், இரத்தத்தின் 7.4 பிஹெச்சில் ஏறத்தாழ 3,500 அயனிகளுக்கு ஒன்றுதான் அமிலமாக நிற்கும். ஆகவே நீங்கள் அமிலமாக வரைந்த வடிவம் அங்கே அநேகமாக இல்லாத ஒன்று.

இன்னொன்றையும் பாருங்கள். ஆர்.டி.கிட் என்னும் வேதியியல் மென்பொருளில் மார்கன் கைரேகையை (மூலக்கூறின் அமைப்பை எண்வரிசையாக்கும் முறையை) இயல்பமைப்பிலேயே விட்டிருந்தால், கைரல் தன்மை, அதாவது அணுக்கள் இடப்பக்கமா வலப்பக்கமா அமைந்துள்ளன என்பது, கணக்கில் வராது. டி-குளுக்கோசும் அதன் கண்ணாடிப் பிம்பமான எல்-குளுக்கோசும், ஏன், கேலக்டோசும்கூட, தனிமோட்டோ ஒப்புமை (கைரேகைகளை ஒப்பிடும் அளவு) 1, அதாவது முற்றிலும் ஒன்றே, என்றே வரும். ஆனால் குளூட்-1 எல்-குளுக்கோசை ஏறத்தாழ ஏற்பதே இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட கேள்விக்கு இதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை என்பது என் கருத்து.

பதில் 2 (நரம்பு உடலியல் ஆய்வாளர்):
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். 'கடக்கும், கடக்காது' என்ற ஒற்றை விடையையே கைவிட்டு, ஒவ்வொரு கடத்திக்கும் தனி மாதிரி அமையுங்கள். வாயில்கள் உண்மையிலேயே வேறுவேறு என்பதை 1991-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட குளூட்-1 குறைபாட்டு நோய் காட்டுகிறது: இரத்தத்தில் சர்க்கரை இயல்பாக இருக்கும், மூளைத் தண்டுவட நீரிலோ குறைந்திருக்கும், வலிப்பு வரும் அக்குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவைக் கொடுக்கும்போது, பழுதில்லாத மற்றொரு வாயிலான எம்.சி.டி-1 வழியே எரிபொருள் போய்ச் சேர்கிறது. நீண்ட பட்டினியில் மூளை பெருமளவு கீட்டோன்களையே எரிக்கிறது என்று கேஹிலின் குழுவினர் 1967-இலேயே காட்டிவிட்டனர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நியூரான்களுக்குத் துணைநிற்கும் மூளைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் லாக்டேட்டை உண்டாக்கி நியூரான்களுக்குத் தருகின்றன என்று பெல்லரினும் மாஜிஸ்ட்ரெட்டியும் 1994-இல் முன்வைத்த கருதுகோள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. ஆனாலும் அது இன்றும் விவாதத்தில் உள்ளது. அதை முடிந்த உண்மையாகக் கொண்டு மூலக்கூறுகளுக்கு 'நல்லது', 'கெட்டது' என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கைரல் தன்மையைச் சேர்த்து இன்று காலை மீண்டும் ஓட்டினேன். டி, எல் இரண்டும் பிரிந்துவிட்டன. லாக்டேட்டையும் மற்ற அமிலங்களையும் 7.4 பிஹெச்சுக்குரிய வடிவில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எம்.சி.டி-1 மாதிரிக்கு ஒரே சட்டகத்தைக் (மைய அணுக் கட்டமைப்பைக்) கொண்ட மூலக்கூறுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடாதபடி பிரிக்கப்போகிறேன். அக்கடத்தி ஏற்காத மூலக்கூறுகளை அளந்து பதிந்த தரவு மிகக் குறைவாகவே என் கைக்கு எட்டுகிறது. அதைத் தொகுத்து வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.