பெயர் சொல்லாமல் ஒருவர் பணம் தர முன்வந்தால் எப்படி வாங்கிக்கொள்வது?

கூடுதேடி (கேள்வி)

தெரிந்த குடும்பம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். சம்பாதிப்பவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. வீட்டு வாடகை மூன்று மாத பாக்கி. மின்கட்டணம் இரண்டு தவணை நிற்கிறது. ஆஸ்பத்திரி பில் ஒன்று பாதிதான் கட்டியிருக்கிறார்கள். இது போக ஒரு தனிநபர் கடன்.

அவர்களுக்கு முன்பே பழக்கமான உதவி அமைப்பு ஒன்று, "உங்கள் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்ட ஒருவர் தயாராக இருக்கிறார், ஆனால் பெயர் வெளியே வரக் கூடாது என்கிறார்" என்று சொல்லியிருக்கிறது. அதே வாரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் சமூக வலைத்தளத்தில், "உங்கள் நிலைமை கேள்விப்பட்டேன், பணம் அனுப்புகிறேன், வங்கி விவரம் கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டையும் ஒரே மாதிரி பார்க்கலாமா? பணத்தைக் கையில் வாங்குவதா, நேராகக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டச் சொல்வதா? எதை முதலில் அடைப்பது? வீட்டுப் பெரியவர், "யாரென்றே தெரியாதவர் காசு நமக்கு வேண்டாம்" என்று பிடிவாதமாக இருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

---

கணக்குப்புள்ளி

இரண்டும் ஒன்றல்ல. கொடுப்பவர் பெயர் வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நடுவில் நிற்கும் ஒருவருக்காவது அவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். யாருக்குமே தெரியாத பணம் என்றால் தள்ளியே நில்லுங்கள்.

பெரிய அளவிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி 1982-ல் தொடங்கிய அட்லாண்டிக் அறக்கட்டளை, 1997-ல் அவர் பெயர் வெளியே தெரியும்வரை ரகசியமாகவே கொடுத்துவந்தது. மொத்தமாக அது கொடுத்தது சுமார் 800 கோடி டாலர். பெயர் மறைந்திருந்தாலும் பணத்துக்குப் பின்னால் ஒரு பொறுப்பான அமைப்பு இருந்தது.

எனவே அந்த உதவி அமைப்பிடம் கேட்க வேண்டியது: கொடுப்பவரை நேரில் அறிவீர்களா? பணம் உங்கள் அமைப்பின் கணக்கு வழியாக வருமா? ரசீது யார் பெயரில்? பதிலுக்கு எங்களிடம் ஏதாவது எதிர்பார்க்கிறாரா? நாலுக்கும் தயங்காமல் பதில் வந்தால் மேலே போகலாம்.

அடுத்து, கையில் வாங்குவதா நேராகக் கட்டுவதா. முடிந்தவரை நேராகவே கட்டச் சொல்லுங்கள். மானம் மரியாதைக்காகச் சொல்லவில்லை, வங்கிக்காகச் சொல்கிறேன். ஐந்து மாதமாக வருமானம் இல்லாத கணக்கில் இருப்பு மைனஸில் இருக்கலாம், அல்லது கடன் தவணை தானாக எடுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படியிருந்தால், அந்தக் கணக்கில் பணம் விழுந்த நிமிடமே வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும். வாடகைக்கு வந்த காசு அபராதத்துக்குப் போய்விடும். கணக்கு வழியாகத்தான் வாங்க வேண்டும் என்றால், கடன் எதுவும் இல்லாத வேறு வங்கியில், தானியங்கிப் பிடித்தம் எதுவும் இல்லாத கணக்காக இருக்கட்டும்.

நேராகக் கட்டுவதற்கு ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு பாக்கிக்கும் ஒரு வரி: யாருக்குக் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் எண் அல்லது பில் எண், இன்றைய தேதியில் மொத்தம், அதில் அசல் எவ்வளவு, அபராதம் எவ்வளவு, கடைசி நாள், அந்த நாள் தாண்டினால் என்ன ஆகும். உதாரணமாக ஒரு வரி இப்படி இருக்கும்: "மின்கட்டணம், இணைப்பு எண் இன்னது, மொத்தம் 3,400 (கட்டணம் 3,100, அபராதம் 300), கடைசி நாள் 18, தாண்டினால் துண்டிப்பு, மறு இணைப்புக்குத் தனிக் கட்டணம்." கடைசிப் பகுதியைப் பலர் எழுதுவதில்லை. பணம் கட்டி முடித்த பிறகும் வீடு இருட்டாக இருக்கும். மறு இணைப்புக் கட்டணம் தனி என்பதே அப்போதுதான் தெரியவரும்.

பாக்கி விவரத்தைக் கேட்க அமைப்புக்கு ஒரு அனுமதிக் கடிதம் தேவைப்படும். அதில் "இன்ன எண்ணுள்ள பில்லின் நிலுவைத் தொகையைத் தெரிவிக்கவும், இவர்களிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் சம்மதிக்கிறேன், இந்தச் சம்மதம் 30 நாளுக்கு மட்டும்" என்று எழுதினால் போதும். ஆஸ்பத்திரி பில்லுக்கு மருத்துவ விவரம் எதுவும் தர வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். பணம் கட்டுபவருக்குத் தொகை தெரிந்தால் போதும், நோய் என்ன என்று தெரிய வேண்டியதில்லை.

இதில் அடிக்கடி நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். மூன்றாம் நபர் கட்டும்போது பில் எண் விட்டுப்போனால், பணம் போய்ச் சேர்ந்தாலும் யார் கணக்கிலும் ஏறாது. நிறுவனத்தின் புத்தகத்தில் "ஒதுக்கப்படாத தொகை" என்று கிடக்கும். இந்தப் பக்கம் அபராதம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே ரசீது மட்டும் போதாது. கட்டிய ஒரு வாரத்தில் புதிய நிலுவைக் கணக்கை வாங்கிப் பாருங்கள், தொகை குறைந்திருக்கிறதா என்று. குறையவில்லையென்றால் ரசீது எண்ணோடு எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, பாக்கியில் ஒரு பகுதி மட்டும் கட்டும்போது அது எதில் கழியும் என்பது. கடன்களில் பெரும்பாலும் முதலில் அபராதம், பிறகு வட்டி, கடைசியில்தான் அசல். 10,000 கட்டினாலும் அசல் அப்படியே நிற்கலாம். கட்டும் முன்பே, "இந்தத் தொகையை அசலில் கழிக்கச் சம்மதமா, அபராதத்தைத் தள்ளுபடி செய்வீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை வரும்போது பல இடங்களில் அபராதத்தை விட்டுக்கொடுப்பார்கள். கட்டிய பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டு உரிமையாளர் விஷயத்தில், "இவ்வளவு கொடுத்தால் காலி செய்யச் சொல்ல மாட்டேன், மீதிக்கு இத்தனை மாத அவகாசம்" என்று கையெழுத்து வாங்காமல் ஒரு காசும் போகக் கூடாது. மூன்று மாத பாக்கியில் இரண்டு மாதத்தை வாங்கிக்கொண்டு, மறுநாளே காலி செய்யச் சொல்லவும் முடியும்.

எதை முதலில் என்றால் கூரை, விளக்கு, தண்ணீர், மருந்து. அதன்பின் சம்பாதிக்கத் தேவையான பொருள்: வண்டி, தையல் மெஷின், போன் எதுவானாலும். ஈடு எதுவும் வைக்காத தனிநபர் கடன் கடைசி. அந்தக் கடன்காரர்தான் ஒரு நாளைக்குப் பத்து முறை போன் செய்வார், அதனால் அதையே முதலில் அடைக்கத் தோன்றும். சத்தம் போடுகிற கடன் வேறு, வீட்டைப் பறிக்கிற கடன் வேறு.

---

பூட்டுசாவி

வலைத்தளத்தில் எழுதிய அந்த நபரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பதில் எழுதாமல் விடுவதே நல்லது. ஒருவேளை உண்மையிலேயே உதவ நினைக்கிறவரோ என்று தோன்றினால் மட்டும், "இந்த அமைப்பு வழியாகக் கொடுங்கள்" என்று அமைப்பின் பெயரைச் சொல்லுங்கள். நல்லவர் அங்கே போவார். ஏமாற்றுக்காரர் அங்கே போகவே மாட்டார், அவசரப்படுத்துவார், கோபித்துக்கொள்வார்.

இவர்கள் செய்வது பெரும்பாலும் இந்த வகைகளில் ஒன்றாக இருக்கும்.

கூடுதலாக அனுப்புவது. 5,000 தருகிறேன் என்று சொல்லி 50,000-க்குக் காசோலை வரும். "தவறாகப் போட்டுவிட்டேன், மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார். காசோலை போட்ட ஓரிரு நாளில் பல வங்கிகள் இருப்பில் தொகையைக் காட்டிவிடும். ஆனால் அது போலி என்று தெரிந்து திரும்ப வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் நீங்கள் அனுப்பிய 45,000 உங்கள் சொந்தப் பணம், திரும்பி வராது. இருப்பில் தெரிவது வேறு, பணம் கைக்கு வந்து சேர்வது வேறு. திருடிய கார்டிலிருந்து அனுப்பினாலும் இதே கதைதான். உண்மையான உரிமையாளர் புகார் செய்ததும் தொகை திரும்பப் பிடிக்கப்படும்.

உங்கள் கணக்கைக் குழாயாக்குவது. "ஒரு பகுதி உங்களுக்கு, மீதியை இன்னொரு கஷ்டப்படும் குடும்பத்துக்கு அனுப்புங்கள்" என்பார். கேட்க மனம் இளகும். ஆனால் அது வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம், அதன் தடத்தை அழிக்க உங்கள் கணக்கு பயன்படுகிறது. போலீஸ் தேடி வரும்போது அவர்கள் கையில் இருப்பது உங்கள் பெயரும் முகவரியும்தான். தெரியாமல் செய்தேன் என்றாலும் கணக்கு முடங்கும், வழக்கும் வரலாம்.

முன்பணம் கேட்பது. பதிவுக் கட்டணம், வரி, பரிமாற்றச் செலவு, கிஃப்ட் கார்டு எண் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதோடு பேச்சை நிறுத்துங்கள்.

இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: பணம் வாங்குவதற்கு ஓடிபியோ, பின் நம்பரோ, பாஸ்வேர்டோ தேவையே இல்லை. அனுப்புவதற்குத்தான் தேவை. திரையில் "ஏற்கிறேன்" என்று ஒரு பொத்தான் வந்து, அதை அழுத்தியதும் பின் நம்பர் கேட்டால், போகப்போவது உங்கள் பணம். "நான் உதவி செய்கிறேன், இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று போனைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைக் கொடுப்பதும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம்.

ஒருவேளை வங்கி விவரம் ஏற்கெனவே கொடுத்து, தெரியாத தொகை வந்து விழுந்துவிட்டால் அதில் ஒரு காசும் எடுக்காதீர்கள். நீங்களாகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், முக்கியமாக அவர் சொல்லும் வேறொரு கணக்குக்கு. வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த கணக்குக்கே வங்கி மூலமாகத் திருப்பச் சொல்லுங்கள். தேதி, தொகை, பரிமாற்ற எண், அந்த நபர் எழுதிய செய்திகளின் படம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். செய்தியை அழித்துவிட்டால் பிறகு உங்கள் பக்கம் சாட்சியே இருக்காது.

---

கூடுதேடி

இருவருக்கும் நன்றி. அந்த நபருக்கு இன்னும் எதுவும் கொடுக்கவில்லை, இனி கொடுக்கவும் மாட்டார்கள். அமைப்பு நாலு கேள்விக்கும் தெளிவாகவே பதில் சொல்லிவிட்டது, ரசீது குடும்பத்தின் பெயரிலேயே வருமாம். ஆனால் பெரியவர் இறங்கி வரவில்லை. "நாளைக்கு அந்த ஆள் வந்து நின்றால் என்ன செய்வது" என்கிறார். அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், அதற்கு இது இடைஞ்சலாகுமா என்ற பயமும் இருக்கிறது.

---

அகல்

பெரியவர் கேட்பது நியாயமான கேள்வி, அதை வீம்பு என்று ஒதுக்காதீர்கள். கடன்பட்டவர் கொடுத்தவர் முன்னால் குரல் தாழ்ந்து நிற்பதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். ஆனால் பெயர் தெரியாத உதவி அந்த நிலை வராமல் இருக்கத்தான். யூத அறிஞர் மைமோனிடிஸ் 12-ஆம் நூற்றாண்டிலேயே கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவரைத் தன் காலில் நிற்க வைப்பது, அதாவது கடனோ தொழில் கூட்டோ வேலையோ கொடுப்பது மிக உயர்ந்த படி. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது அதற்கு அடுத்த படி. வாங்குபவர் தலைகுனியக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: ஐயா, இவர் பெயரை மறைப்பது உங்களைக் கட்டிப்போட அல்ல, உங்களைக் கட்டாமல் விட.

"வந்து நின்றால்" என்ற பயத்துக்கு வாய்வார்த்தை போதாது, தாள் வேண்டும். அமைப்பின் பெயர், முகவரி அச்சிட்ட தாளில் இவ்வளவு எழுதி வாங்குங்கள்: "இத்தேதியில் இன்ன பில்லுக்காகச் செலுத்தப்படும் இத்தொகை நன்கொடை. இது கடனல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை, இதற்காக எந்த வேலையோ, விளம்பரமோ, மத, அரசியல் கடமையோ கேட்கப்படாது. பெறுபவரின் பெயரும் படமும் எங்கும் வெளியிடப்படாது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கொடுப்பவர் பெயர் மறைந்திருக்க, வாங்குபவர் முகம் மட்டும் நன்றி சொல்லும் படமாக ஊரெங்கும் சுற்றுவது நடக்கிறது. ஒருதலை மறைப்புக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அமைப்பு குடும்பத்தின் பெயரைக் கொடுப்பவரிடம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. "மூன்று பேர் உள்ள வீடு, வாடகை பாக்கி" என்பது போதும்.

உதவித்தொகை விஷயம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான். வருமான வரம்பு உள்ள திட்டமா, கையிருப்பு வரம்பு உள்ள திட்டமா? ஒருமுறை வரும் நன்கொடையை வருமானமாக எடுத்துக்கொள்வார்களா? உங்கள் கைக்கு வராமல் நேராக ஆஸ்பத்திரிக்கோ வீட்டு உரிமையாளருக்கோ போனால் வேறு மாதிரிப் பார்ப்பார்களா? பணம் வரும் முன்பே உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வரி விஷயத்தையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள், நன்கொடைக் கடிதத்தை ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். மறைத்து, பின்னால் தெரியவந்தால், கொடுத்த உதவித்தொகையைத் திருப்பிக் கேட்கலாம். சொல்லிவிட்டு வாங்கினால் உதவித்தொகை குறையக்கூடும், ஆனால் அந்தச் சிக்கல் வராது.

பெரியவர் முழுத்தொகையையும் வேண்டாம் என்றால் பாதியை ஏற்கலாம். ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கட்டட்டும், வாடகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எதை ஏற்பது என்று முடிவு செய்யும் இடத்தில் அவரை உட்கார வையுங்கள், அந்தப் பாக்கித் தாளையும் அவர் கையிலேயே கொடுங்கள்.

நன்றி சொல்ல விரும்பினால் நாலு வரிக் கடிதம், அமைப்பு வழியாக. என்ன நடந்தது என்று எழுதுங்கள்: "விளக்கு திரும்ப எரிகிறது, மருந்து வாங்கிவிட்டோம்." பெயர், முகவரி, பள்ளிக்கூடம் எதுவும் வேண்டாம். யார் அவர் என்று துப்பறியப் போகாதீர்கள். மறைந்திருக்க விரும்பியவரைக் கண்டுபிடிப்பது நன்றி ஆகாது.

---

கணக்குப்புள்ளி

அகல் சொன்னதோடு ஒன்று. ஆஸ்பத்திரி பில்லை மட்டும் ஏற்பதாக முடிவானால், கட்டும் முன் வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருக்கலாம், ஏற்கெனவே கட்டிய பாதி கழிக்கப்படாமல் இருக்கலாம். இன்னொருவர் பணம் என்பதால் சரிபார்க்காமல் விடுவது நடக்கிறது. நன்கொடையாகக் கூடுதலாகக் கட்டிவிட்டால், திரும்பும் மீதி பெரும்பாலும் கட்டியவருக்குத்தான் போகும், குடும்பத்துக்கு வராது. மீதியை அடுத்த பாக்கிக்குத் திருப்பலாமா என்பதையும் அந்த நன்கொடைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.